ஜன்னலைத் திறக்கச் சொன்னவர்

பஸ்ஸிலிருந்து இறங்கிய அந்த அம்மாள் ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார். மலைப்பாதை அவரைப் படுத்திய பாடு முகத்தில் தெரிந்தது. இரண்டு ஸ்வெட்டர், அவற்றின் மேல் ஆண்கள் சுற்றிக்கொள்ளும் மஃப்ளர், கக்கத்தில் தோல் பை, கையில் ஒரு குடை. ஆவணி மாதம் அது. கொடைக்கானலில் பிறந்து வளர்ந்த எனக்கு அதெல்லாம் ஒரு குளிரே இல்லை. மதுரையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறாரே என்று பூமாலையோடு நின்ற நான், சிரிப்பை அடக்கிக்கொண்டு வணக்கம் சொன்னேன். அவர் மாலையையும் வாங்கவில்லை, வணக்கத்தையும் வாங்கவில்லை. "டீச்சர், உங்க காப்பகத்துல மொத்தம் எத்தனை ஜன்னல்?" என்று கேட்டார். "நாலுங்கம்மா" என்றேன். "திறக்கிற ஜன்னல் எத்தனை?" என்றார். மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, நாயுடுபுரத்தில் ஒரு மாதர் சங்கம் நடத்திய பிள்ளைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காப்பகம் என்றால் பெரிய கட்டடமாக நினைத்துவிட வேண்டாம். உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கி வைத்திருந்த பழைய கிடங்கு. ஒரே நீள அறை, தகரக் கூரை. மழை பெய்தால் நாம் பேசுவது நமக்கே கேட்காது. ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரை இருபத்தெட்டுப் பிள்ளைகள். பார்த்துக்கொள்ள நானும் ஆயாவும். ஆயாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பிள்ளை எதற்கு அழுகிறது என்று அறைக்கு வெளியே இருந்தபடியே சொல்லிவிடுவார். நான் கிட்டப் போய்ப் பார்த்தாலும் எனக்குத் தெரியாது. பேருக்குத்தான் நான் பொறுப்பாளர்.

பிள்ளைகளின் தாய்மார்கள் எல்லோரும் கூலி வேலைக்காரர்கள். பங்களாக்களில் துணி துவைப்பவர்கள், ஓட்டல்களில் பாத்திரம் தேய்ப்பவர்கள், வில்பட்டித் தோட்டங்களிலிருந்து காய்கறிக் கூடையைச் சுமந்து சந்தைக்கு வருபவர்கள். வெள்ளனே வந்து, கம்பளிக்குள் சுருண்டிருக்கும் பிள்ளையை அப்படியே ஆயாவின் கையில் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். காப்பகம் வருவதற்கு முன் அந்தப் பிள்ளைகளைக் கட்டில் காலோடு பழைய சேலையால் கட்டிப்போட்டு, கதவைப் பூட்டிவிட்டுத்தான் தாய்மார்கள் வேலைக்குப் போனார்கள். அப்படிக் கட்டிப்போட்ட ஒரு பிள்ளை சேலையோடு கட்டிலையும் இழுத்துக்கொண்டு போய் வெந்நீர்ப் பானையில் கைவிட்டது. அதன் விரல்கள் ஒட்டிப்போயிருக்கும். அதுவும் எங்கள் இருபத்தெட்டில் ஒன்றுதான்.

பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இடங்களுக்கெல்லாம் அரசாங்க லைசென்ஸ் வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தாக்கீது வந்திருந்தது. பொங்கலுக்குள் லைசென்ஸ் கிடைக்காவிட்டால் காப்பகத்தை மூடிவிட வேண்டியதுதான் என்று சங்கத் தலைவி கையை விரித்துவிட்டார். கிடங்குக்காரர் வேறு, பூண்டு மூட்டை போட இடமில்லை என்று வாசலில் வந்து நின்று பெருமூச்சு விட்டுப் போவார்.

விண்ணப்பப் படிவம் ஆறு பக்கம். எழுதியவர் மலையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். கோடை வெப்பத்திலிருந்து பிள்ளைகளைக் காக்க என்ன ஏற்பாடு, நிழல் தரும் மரங்கள் எத்தனை, மண்பானைத் தண்ணீர் உண்டா என்றெல்லாம் கேள்விகள். நான் ஒவ்வொன்றாக வாசிக்க, ஆயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விசிறி கேக்கலையா டீச்சரம்மா? நாலு பனையோல விசிறியும் இருக்குன்னு சேத்து எழுதுங்க" என்றார். இந்தக் கேலி எங்களுக்குள் ஊறிப்போனதால்தான், அந்த அம்மாள் சொன்னதிலேயே முக்கியமான பேச்சு எங்கள் காதில் ஏறாமல் போனது.

லைசென்ஸுக்காகப் பரிசோதிக்க வந்த அந்த அம்மாள், எங்கள் பேச்சில் 'லைசென்ஸ் அம்மா', வந்தவுடன் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, அப்படியே நகர்ந்து நகர்ந்து அறையைச் சுற்றி வந்தார். மூன்று வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு எது தெரிகிறது, கைக்கு எது எட்டுகிறது என்று பார்க்கிறாராம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். வரிசையாக அவர் பின்னாலேயே தவழ்ந்தன. அலமாரியின் கீழ்த்தட்டில் மண்ணெண்ணெய்ப் பாட்டில், கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள், மூடியில்லாத தண்ணீர் டிரம், சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தினமும் அந்த அறையில் இருந்த நான் அவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

கடைசியாக அறையின் நடுவே இருந்த கணப்புச் சட்டிக்கு வந்தார். பஜாரில் கரிக்கடை வைத்திருந்த பாய் மாதம் ஒரு மூட்டை கரி இனாமாக அனுப்புவார். "புள்ளைக சூட்டுல தூங்கட்டும்மா" என்பார். ஒன்றும் வாங்க மாட்டார். அந்தச் சட்டியில் கங்கு போட்டு, சுற்றிப் பாய் விரித்து, மத்தியானம் பிள்ளைகளைத் தூங்க வைப்போம். கண்ணாடி ஜன்னல்களுக்கு உள்பக்கம் பலகை அடித்து, இடுக்குகளில் எல்லாம் சாக்குத் துணியைத் திணித்து, தகரத்தின் ஓட்டைகளில் தார் பூசியிருந்தோம். ஊசி நுழைய இடம் கிடையாது. அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

"இந்தச் சட்டி உள்ளே இருக்கக் கூடாது. இருந்தே ஆகணும்னா ரெண்டு ஜன்னலாவது திறந்திருக்கணும்" என்றார் அம்மா.

"சன்னலத் தொறந்தா மேகம் உள்ள வந்துருங்கம்மா. புள்ளைக இருமியே செத்துப்போகும்" என்றார் ஆயா.

"இருமட்டும்."

அந்த ஒரு சொல்லோடு ஊரே அவருக்கு எதிரியானது. விறகுப் புகை கண்ணைக் கரிக்கும், எழுந்து ஓடிவிடலாம், கரிக்கங்கு கண்ணுக்குத் தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும் என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார். எங்கள் பாட்டன் முப்பாட்டன் எல்லோரும் கணப்பில் குளிர்காய்ந்தே வளர்ந்தவர்கள், இந்த மதுரைக்காரி சொல்லியா தெரிய வேண்டும் என்று நான் நினைத்தேன். ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் வீடுகளில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் சந்து இருக்கும். காற்று அது பாட்டுக்கு வந்து போகும். பிள்ளைகள் மேலிருந்த பாசத்தில், சந்தே இல்லாத அறை ஒன்றை முதன்முதலாகச் செய்தவர்கள் நாங்கள்தான்.

மூன்று மாதம் அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார். தாய்மார்கள் அவருக்குச் 'சன்னலம்மா' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆனாலும் மற்ற வேலைகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. கரிக்கடை பாய் டிரம்முக்கு மூடி செய்து கொடுத்தார். தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கம் உயரத்தில் வைத்தோம். மண்ணெண்ணெய் பரணுக்கு ஏறியது. ஜன்னல் பலகைகளை மட்டும் ஆணி அடிக்காமல், எடுத்து மாட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டோம். அது என் யோசனை. பரிசோதனை நாளில் எடுத்துவிடுவது, அவர் போனதும் மாட்டிவிடுவது. கணப்புச் சட்டியை அன்றைக்குப் பாய் கடையில் ஒளித்து வைப்பது. தாய்மார்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் சம்மதம்.

கார்த்திகை மாத மழையில் இரண்டாவது தடவை வந்தார். இந்த முறை ஒரு பெரிய துணி மூட்டையும் கூட வந்தது. மதுரையில் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிய கம்பளிச் சட்டைகள். மதுரையில் யார் போடப் போகிறார்கள். பாதிச் சட்டைகளில் மடிப்புக்கூடக் கலையவில்லை. "ஜன்னலைத் திறந்து வெச்சா குளிரும்ல, அதுக்குத்தான்" என்று அவரே ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவு பார்த்துப் போட்டுவிட்டார். எனக்கு உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்த உறுத்தலை ஓரமாக நகர்த்திவிட்டு, டிரம் மூடியைக் காட்டினேன்.

வில்பட்டியிலிருந்து முட்டைக்கோஸ் கூடை சுமந்து வரும் பெண்ணின் மகள் ஒருத்தி இருந்தாள். மூன்று வயது. கோஸ் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். எல்லா ஜன்னலும் திறந்து கிடக்க, குளிரில் மூக்கு சிவந்து நின்ற அவள், எல்லோரும் வாய்மூடி நின்ற நேரம் பார்த்து, "ஆயா, நம்ம கணப்பு எங்க?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. சட்டென்று கைதட்டிப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தேன். பிள்ளைகளும் சேர்ந்து கத்தின. லைசென்ஸ் அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னலை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். திரும்பவில்லை. அளந்து முடித்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டார். "பத்து நாள்ல உத்தரவு வந்துரும் டீச்சர்" என்றார். டீ குடித்துவிட்டு மத்தியான பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

அவர் தெருமுனை திரும்பியதும் நாங்கள் ஜன்னல்களைச் சாத்திப் பலகைகளை மாட்டி, பாய் கடையிலிருந்து சட்டியை எடுத்து வந்தோம். காலையிலிருந்து திறந்து கிடந்ததில் அறை சில்லிட்டுப் போயிருந்தது. அதனால் சட்டியில் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு கரி போட்டார் ஆயா. நான்தான் போடச் சொன்னேன். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் புதுச் சட்டைகளோடு படுத்தன. நான் மேஜையில் உட்கார்ந்து, லைசென்ஸ் கிடைத்த மாதிரிதான் என்று சங்கத் தலைவிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது. சந்தோஷத்தில் சாப்பிடாமல் இருந்துவிட்டோம், அதனால்தான் என்று நினைத்தேன். சுவரோரம் ஆயா சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கூரையில் மழைச் சத்தம் கேட்டபடி இருந்தது.

பெருமாள்மலைப் பக்கம் மரம் விழுந்து பஸ் போகவில்லை. மழைக்கு ஒதுங்க லைசென்ஸ் அம்மா காப்பகத்துக்கே திரும்பி வந்திருக்கிறார். ஜன்னல்கள் மூடியிருப்பதைக் கண்டு கதவைத் தட்டியிருக்கிறார். வெளித் தாழ்ப்பாள் திறந்துதான் இருந்தது, ஆனால் ஈரத்தில் ஊறிய கதவு இறுகிக்கொண்டது. எனக்கு நினைவிருப்பது கண்ணாடி உடைந்த சத்தம்தான். குடையின் பிடியால் கண்ணாடியை உடைத்துப் பலகையைத் தள்ளிவிட்டார். ஐயோ, கண்ணாடி போயிற்றே, லைசென்ஸ் போயிற்றே என்று நினைத்தேனே தவிர எழுந்திருக்க முடியவில்லை. காலை ஊன்றினால் கால் நிற்கவில்லை. அவர் கதவை உதைத்துத் திறந்து, கத்திக்கொண்டே இரண்டு இரண்டு பிள்ளைகளாகத் தூக்கிக்கொண்டு ஓடினார். பாயும் கடை ஆட்களும் ஓடி வந்தார்கள். நான் தவழ்ந்துதான் வெளியே வந்தேன்.

மழையில், ஈரப் புல்லின் மேல் இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஒவ்வொன்றாக அழ ஆரம்பித்தன. இத்தனை பிள்ளைகள் ஒன்றாக அழுதது அவ்வளவு இனிமையாக வேறு எங்கும் எனக்குக் கேட்டதில்லை. கோஸ் பாப்பா மட்டும் அழவில்லை. டாக்டருக்கு ஆள் போயிருந்தது. அம்மா அவளை மடியில் போட்டு, முதுகைத் தேய்த்து, கன்னத்தில் தட்டி, ஊதி, என்னென்னவோ செய்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கூடையைப் போட்டுவிட்டு அவளுடைய தாய் வந்து சேர்ந்த நேரத்தில், பாப்பாவுக்கு இருமல் வந்தது. இருமினாள், மறுபடி இருமினாள், சாப்பிட்ட சோற்றையெல்லாம் லைசென்ஸ் அம்மாவின் ஸ்வெட்டரிலேயே கக்கினாள். லைசென்ஸ் அம்மா அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

மறுநாள் காலை அவரிடம் கெஞ்சினேன். "எழுதுனா மூடிருவாங்கம்மா. இந்தப் புள்ளைக எங்கம்மா போகும்?" என்றேன். "தெரியல டீச்சர்" என்றார். "எழுதாம விட்டா எங்க போகும்னு நேத்துப் பார்த்தோம்ல" என்றார். கையெழுத்துப் போட்ட பழைய அறிக்கையை ரத்து செய்து புதிதாக எழுதினார். காப்பகம் மூடப்பட்டது. பஸ் நிலையத்தில் சில தாய்மார்கள் மண்ணை வாரித் தூற்றாத குறைதான். "சன்னலம்மா வந்துச்சு, எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டுப் போகுது" என்று அவர் காதுபடவே பேசினார்கள். கோஸ் பாப்பாவின் தாய் மட்டும் பஸ் அருகே போய், ஒரு பெரிய முட்டைக்கோஸை அவர் மடியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஒரு கையில் எலுமிச்சம்பழமும் மடியில் முட்டைக்கோஸுமாக அவர் போனார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மறுபடி திறந்த அந்தக் காப்பகத்திலேயே முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போதெல்லாம் காப்பகம் நடத்தும் இளம் பெண்களின் கூட்டங்களுக்கு என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் இடங்களில் தீயணைப்புக் குழாய், கேமரா, விரல் நசுங்காமல் இருக்கக் கதவுக்குக் கதவு ரப்பர், எல்லாம் இருக்கிறது. "எதுக்குங்கம்மா இத்தனை ரூல்ஸ்? மனுசரை வேலை பாக்க விடாம?" என்று ஒருத்தியாவது அலுத்துக்கொள்வாள். நான் இந்தக் கதையைச் சொல்வேன். கண்ணாடி உடைந்தது, பாப்பா இருமியது வரை சொல்வேன். கைதட்டுவார்கள். அத்தோடு நிறுத்திவிடுவேன். மிச்சத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நடந்தது என்ன என்று எழுத்தில் விளக்கம் கேட்டது சங்கம். எனக்கோ பயம். சர்டிபிகேட் போய்விடும், வேலை போய்விடும், வீட்டில் தலைகாட்ட முடியாது. நல்ல தமிழில் நான்கு பக்கம் எழுதினேன். ஆயாவின் அறியாமையாலும் பிடிவாதத்தாலும், என் கவனத்துக்கு வராமலேயே ஜன்னல்கள் அடைக்கப்பட்டன, கணப்பு மூட்டப்பட்டது என்று எழுதினேன். அது போய்ச் சேர்ந்து நாலு நாள் கழித்து, லைசென்ஸ் அம்மாவின் அறிக்கை நகல் தபாலில் வந்தது. எல்லாக் குறைகளையும் எழுதிவிட்டு, முடிவில் ஒன்றைச் சேர்த்திருந்தார். பரிசோதனையின்போது கணப்பு எங்கே என்று ஒரு குழந்தை கேட்டது தன் காதில் விழுந்தது என்றும், இந்தக் காப்பகம் எப்படியாவது லைசென்ஸ் பெற வேண்டும் என்ற ஆசையில் தான் விசாரிக்காமல் விட்டுவிட்டதாகவும், தவறு தன்னுடையது என்றும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அன்றைக்கு அவர் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 

அவரை எங்கோ தூரமாக மாற்றிவிட்டார்கள். ஆயாவை வேலையைவிட்டு நீக்கினார்கள். சுவரில் புகைபோக்கி வைத்து, ஜன்னல்களுக்குக் கம்பி வலை போட்டு, பொங்கல் கழிந்து காப்பகம் திறந்தது. வேறோர் அதிகாரி வந்து லைசென்ஸ் கொடுத்தார். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

உண்மையைச் சொல்லி இரண்டாவது கடிதம் எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. என்னைக் கண்டித்து, ஆயாவைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அடுக்கம் கிராமத்துக்கு மலையிறங்கி நடந்தேன். ஆயா அங்கே தம்பி வீட்டில் இருந்தார். என்னைக் கண்டதும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். கோஸ் பாப்பா நல்லா இருக்காளா என்று கேட்டார். நான் அழுதுகொண்டே, "ஆயா, உங்கள மாட்டிவிட்டு எழுதுனது நாந்தான்" என்றேன்.

"தெரியும் டீச்சரம்மா. சங்கத்துலருந்து வந்த காகிதத்த தம்பி மகன் வாசிச்சுச் சொன்னான்" என்றார். "இனிமே அந்த ஏத்தம் ஏறி வர என்னால ஆகாதுங்க. வேற ஆளப் பாத்துக்கங்க."

டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னைக்குச் சங்கம் கேட்டுச்சுன்னு எழுதுன அந்தக் கடுதாசிய எங்கிட்டதான தபால் பொட்டியில போடச் சொல்லிக் குடுத்தீக? நல்ல மழை. டீச்சரம்மா மெனக்கெட்டு எழுதுனது, எழுத்து நனஞ்சிரக் கூடாதேன்னு மடியில பொதிஞ்சு வெச்சுல்ல கொண்டுபோய்ப் போட்டேன்."